கடை வெளிச்சத்தில் முத்து வாங்குகிறீர்களா?

திருச்செந்தூரில் முருகனைக் கும்பிட்டுத் திரும்புகிறவர்கள் சங்கும் முத்து மாலையும் வாங்காமல் போவது அரிது. மாலையை ஏன் கருநீல வெல்வெட்டில் பரப்பி வைக்கிறார்கள்? அடர்ந்த நிறத்தின் மேல் வெளிறிய பொருள் இன்னும் வெளுப்பாகத் தெரியும். கண்ணின் இந்த மயக்கம் புதிதல்ல. பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. சாயப் பிரிவுத் தலைவர் ஷெவ்ரல் துருவிப் பார்த்தார். கோளாறு சாயத்தில் இல்லை, பக்கத்து நூலின் நிறத்தில் இருந்தது. 1839இல் அதைப் பெரிய புத்தகமாகவே எழுதிவிட்டார். நகைக்கடையின் ரோஸ் தாளில் தங்கம் பளிச்சிடுவதும் இதனால்தான் என்பார்கள்.

துணியிலும் ஏமாறுவோம். மாலை போட்டுப் பச்சை உடுத்தி வரும் பக்தர்களுக்குத் தெரியும்: கடை விளக்கில் ஒன்றாகத் தெரிந்த வேட்டியும் துண்டும் வெயிலில் இரண்டு பச்சையாகிவிடும். வாசலுக்குக் கொண்டுவந்து பார்க்கக் கூச்சப்படாதீர்கள்.

அழகாக அடுக்கி வைப்பது தப்பில்லை. போலியை அசல் என்று விற்பதுதான் தப்பு. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனது. "இந்தக் கடல் முத்து" என்று சொல்லிச் சில நூறு ரூபாய்க்குக் கொடுத்தால் நம்பாதீர்கள். கண்ணாடி மணிக்கு மீன்செதில் மினுக்குப் பூசியதாக இருக்கலாம். முன்பல்லில் மெல்ல உரசுங்கள். முத்து நறநறக்கும், போலி வழுக்கும். ஆனால் வளர்ப்பு முத்தும் நறநறக்கும். அதையும் இயற்கை முத்தையும் பிரித்தறிய ஆய்வகத்தின் எக்ஸ்ரேதான் வேண்டும். ஆகவே இயற்கையா, வளர்ப்பா, செயற்கையா என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம்.

பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்திருந்தால் பயந்துவிடாதீர்கள். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அதே கணக்கில்தான் சேரும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் பேசுங்கள். கடைக்காரர் மசியவில்லையா, இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. வெளியூர்க்காரர்கள் இதற்காகத் திருச்செந்தூரின் மாவட்டத் தலைநகரான தூத்துக்குடிக்கு அலைய வேண்டாம். குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். பில்லோடு, கடைக்காரர் சொன்னதை எழுதிய அட்டையோ பலகையோ இருந்தால் அதையும் போனில் படமெடுத்து வையுங்கள்.