எலிக்காய்ச்சலை அறிதலும் தடுத்தலும்

மாரிக்காலத்திலே சேற்றில் நின்று நாற்று நடுவோரும், சாக்கடை துப்புரவு செய்வோரும், வெள்ளநீரைக் கடந்து இல்லம் சேர்வோரும் சில நாள் கழித்துக் காய்ச்சலால் வீழ்தல் உண்டு. அதனை மழைக்காய்ச்சலென்றெண்ணிக் கஷாயமருந்திப் படுத்திருப்பார் பலர். அவரைப் பற்றியது எலிக்காய்ச்சலாயின், அங்ஙனம் வாளாகழியும் நாட்கள் உயிருக்கே இறுதி பயத்தலுங் கூடும். ஆதலின் அந்நோயின் இயல்பை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

1886-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அடால்ப் வைல் என்பார், காய்ச்சலும் காமாலையும் சிறுநீரகக் கேடும் ஒருங்கே தோன்றும் இந்நோயை விளக்கி எழுதினர். 1915-இல் ஜப்பானிய அறிஞராகிய இனாடாவும் ஈடோவும் இதனை விளைக்குங் கிருமியைக் கண்டறிந்தனர். லெப்டோஸ்பைரா எனப்படும் அது திருகுபோற் சுருண்டு, நுனி வளைந்து, வினாக்குறியை ஒத்திருப்பது. எலியின் சிறுநீரகத்தில் அதற்குப் பெருந்தீங்கின்றித் தங்கிச் சிறுநீரோடு வெளிப்போந்து, ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்காக உயிர்வாழும். நாய், பன்றி, மாடு முதலியவற்றாலும் பரவும். காலிலுள்ள வெடிப்பும் சிராய்ப்பும், கண், மூக்கு, வாய் என்பனவும் அது நம்முட் புகும் வாயில்களாம்.

கிருமி புகுந்து பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுள் கடுங்காய்ச்சலும், தலைவலியும், கெண்டைக்கால் நோவும், பீளையின்றிக் கண் சிவத்தலும் தோன்றும். நோய் முற்றின் காமாலை காணும், சிறுநீர் குன்றும், நுரையீரலிற் குருதி கசியும். தொடக்கத்திலோ டெங்கு, மலேரியா முதலியவற்றினின்று பிரித்தறிதல் அரிது. முதல் வாரத்திற் குருதியிலுள்ள கிருமியின் கூற்றைப் பி.சி.ஆர். சோதனையாற் காணலாம். எதிர்ப்பொருளைத் தேடுஞ் சோதனைகளோ அவ்வாரம் கழியுமுன் பெரும்பாலும் பயன்படா. ஆகவே முதற் சோதனையில் ஒன்றுங் காணாமையால் நோயில்லையென்று துணிதல் பிழையாம்.

அங்ஙனமாயின் செய்யற்பாலது யாது? ஆய்வுக்கூடம் விடை கூறுமுன் மருத்துவர், "என்ன தொழில் செய்கின்றீர்? அண்மையில் எந்தத் தண்ணீரில் இறங்கினீர்?" என்று வினவல் வேண்டும், நோயாளியும் நாணாது உரைத்தல் வேண்டும். ஐயம் வலுப்படின், சோதனை முடிவுக்குக் காத்திராது டாக்ஸிசைக்ளின், பெனிசிலின் போன்ற மருந்துகளைத் தொடங்குவதே முறை. இம்மருந்துகள் தொடக்கத்திற் கொடுக்கப்படின் பெரும்பயன் தரும்.

இனித் தடுக்கும் வழிகள்: எச்சிலும் குப்பையும் குவியாதிருப்பின் எலி பெருகாது, குடிநீரைக் காய்ச்சியருந்துக, புண்ணை மூடிக் கட்டுக, சேற்றிலிறங்குவோர் நீர்புகாக் காலணியும் கையுறையும் அணிக. 2018-இல் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, வெள்ளநீரிலிறங்கினோர்க்கு அரசாங்கத்தார் டாக்ஸிசைக்ளின் மாத்திரைகளை முன்காப்பாக வழங்கினர். எனினும் மருத்துவர் சொல்லாமல் அதனை உட்கொள்ளல் தகாது.

ஆண்டுதோறும் உலகில் ஏறக்குறைய 59,000 பேர் இந்நோயால் மாள்வதாக 2015-இல் அறிஞர் மதிப்பிட்டனர். அவருட் பலர் நமக்குச் சோறளிக்க வயலில் நின்றவரும், நம் தெருவைத் தூய்மை செய்தவருமே. சீடர் பாதங்களைக் கழுவிய பெருமானைப் போற்றும் நாம், சேற்றில் நிற்கும் பாதங்களை மறத்தல் தகுமோ?