வாசற்படியில் நின்ற சமத்துவம்

ஓர் அரசியல் இலட்சியத்தின் மெய்ம்மையை அறிய அதன் பிரகடனத்தைப் படித்தால் மட்டும் போதாது. இல்லத்தினுள் அது எவ்வளவு தூரம் நுழைந்தது என்பதையும் காண வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பிரான்ஸ் இதற்குத் தக்க சான்றாகும்.

நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடியோரின் கனவுகளோடு பிறந்தது நான்காம் குடியரசு. 1944ஆம் ஆண்டு ஆணையால் வாக்குரிமை பெற்ற பிரெஞ்சுப் பெண்கள் 1945இல் முதன்முறையாக வாக்களித்தனர். எல்லாத் துறைகளிலும் ஆணுக்கு நிகரான உரிமை பெண்ணுக்கு உண்டென 1946ஆம் ஆண்டு அரசமைப்பின் முகவுரை அறிவித்தது. ஆயினும் குடும்பத்தை ஆண்டது 1804ஆம் ஆண்டு நெப்போலியன் சட்டத்தின் மரபே. இடையில் திருத்தங்கள் சில வந்தபோதிலும் கணவனே குடும்பத் தலைவனாக நீடித்தான். மனைவி தனித்தொழில் மேற்கொள்வதை அவன் ஆட்சேபிக்கலாம். பொதுவான திருமணச் சொத்து முறையில் அவளுடைய சொந்தச் சொத்தையும் அவனே நிர்வகித்தான். நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுக்கத் தகுதியுடையவள், தன் சொத்தை ஆளத் தகுதியற்றவளாக இருந்தாள்.

இந்நிலையில்தான் 1958 மே மாதம், பிரான்சின் ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவின் தலைநகரில், இராணுவத்தின் ஆதரவோடு முஸ்லிம் பெண்களின் முகத்திரையை அகற்றும் பொதுநிகழ்ச்சிகள் நடத்தப்பட்டன. அதற்குப் ‘பெண் விடுதலை’ என்று பெயர் சூட்டப்பட்டது. ஆனால் பிரெஞ்சு மனைவி கணவனின் இசைவின்றித் தொழில் புரியவும், வங்கிக் கணக்குத் தொடங்கவும், தன் சொத்தை நிர்வகிக்கவும் 1965 ஜூலை 13ஆம் நாள் சட்டம் வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. ‘தந்தையின் அதிகாரம்’ 1970இல்தான் ‘பெற்றோர் அதிகாரம்’ ஆயிற்று. குடும்பப் பொதுச் சொத்தை நிர்வகிப்பதில் சமநிலை 1985இல் கிட்டியது.

மனைவியின் உடைமை மனைவிக்கே உரியது என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்றுபட்டவை. அல்ஜீரியாவில் வழங்கும் மாலிக்கி மத்ஹபு, மூன்றிலொரு பங்கை விஞ்சும் நன்கொடையை மட்டுமே கணவன் மறுக்க இடமளிக்கிறது. இதைச் சொல்லிப் பெருமிதம் கொள்வது எளிது. ஆனால் பிரான்சுக்குப் புலம்பெயர்ந்த அல்ஜீரியருள் பெருந்தொகையினரான கபீலியரின் மரபுவழக்கோ, நிஸா அத்தியாயம் பெண்ணுக்கு விதித்த வாரிசுப் பங்கையே மறுத்து வந்தது. ஃபிக்ஹு நூலில் இருந்த உரிமை அவர்களின் இல்லத்தில் இல்லை.

ஆக, குடியரசின் முகவுரையும் ஷரீஅத்தின் விதியும் ஒரே இடத்தில்தான் தடைபட்டன: வீட்டு வாசற்படியில். பிரான்சில் அதைக் கடக்கப் பிரகடனத்துக்குப் பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்றன. இறைவேதம் பங்கை வரையறுத்துப் பதினான்கு நூற்றாண்டுகள் கடந்துவிட்டன என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.