வானம் ஏன் நீலம்? – ஒரு கேள்வியின் இலக்கணம்

முதலாண்டு இயற்பியல் வகுப்பு. பூதப்பாண்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த மாணவன் எழுந்தான். "வொய் தி ஸ்கை இஸ் புளூ, சார்?" என்றான். வகுப்பே சிரித்தது. "வொய் இஸ் தி ஸ்கை புளூ?" என்று யாரோ பின்வரிசையிலிருந்து திருத்தினார்கள். அவன் முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டான். அதன்பின் பல வாரங்கள் அவன் வாய் திறக்கவே இல்லை.

மாணவ நண்பர்களே! அவன் செய்த பிழைக்கு அறியாமை காரணமன்று. அவன் தன் தாய்மொழியின் விதியைச் சரியாகவே பின்பற்றினான். எப்படி என்று பார்ப்போமா?

ஒரு சிறு சோதனை

மூன்று அட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 'முருகன்', 'கண்ணனை', 'அழைத்தான்' என்று அட்டைக்கொரு சொல் எழுதுங்கள். இவற்றை ஆறு விதமாக வரிசைப்படுத்தலாம். ஆறிலும் அழைத்தவன் முருகனே! காரணம், 'கண்ணன்' என்ற சொல்லோடு ஒட்டியிருக்கும் 'ஐ' என்னும் வேற்றுமை உருபு.

இனி ஆங்கிலத்தில் 'முருகன்', 'கால்டு', 'கண்ணன்' என்று எழுதி மாற்றிப் பாருங்கள். 'முருகன் கால்டு கண்ணன்' என்றால் அழைத்தவன் முருகன். 'கண்ணன் கால்டு முருகன்' என்றால் பொருள் தலைகீழாகிவிடும். மற்ற நான்கு வரிசைகளும் வழக்கமான வாக்கியங்களே அல்ல.

குறியா, இடமா?

இதை எண்களோடு ஒப்பிடலாம். பழைய தமிழ் எண் முறையில் இருபத்தைந்தை ௨௰௫ என்று எழுதினார்கள். நடுவிலுள்ள ௰ என்னும் குறிதான் முன்னுள்ள இரண்டைப் 'பத்து மடங்கு' என்று அறிவிக்கிறது. இன்று 25 என்று எழுதுகிறோம். அங்கே குறி இல்லை; இடமே மதிப்பைத் தருகிறது. தமிழ்ச் சொற்கள் முதல் வகை. ஆங்கிலச் சொற்கள் இரண்டாம் வகை எனலாம்.

தொல்காப்பியம் விளியையும் சேர்த்து வேற்றுமைகள் எட்டு என்று வகுத்துள்ளது. அந்நூல் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாக அதன் பாயிரம் கூறும். நம் குமரி மாவட்டத்து அதங்கோடே அவரது ஊர் என்பாரும் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலப் பெயர்ச்சொற்களுக்கும் வேற்றுமை விகுதிகள் இருந்தன. அவை நாளடைவில் தேய்ந்தன. அவற்றின் வேலையை இடம் ஏற்றுக்கொண்டது. 'ஹீ', 'ஹிம்' போன்றவை பழைய முறையின் மிச்சங்கள்.

கேள்வி பிறக்கும் விதம்

'வானம் நீலமாக இருக்கிறது' என்பதைக் கேள்வியாக்க, 'இருக்கிறதா' என்று ஓர் 'ஆ' சேர்த்தால் போதும். அல்லது நடுவில் 'ஏன்' என்று செருகலாம். எந்தச் சொல்லும் இடம் பெயர வேண்டியதில்லை. ஜப்பானிய மொழியிலும் இப்படியே. இறுதியில் 'க' சேர்ப்பார்கள். ஆங்கிலத்திலோ 'தி ஸ்கை இஸ்' என்பது 'இஸ் தி ஸ்கை' என்று இடம் மாறவேண்டும். அந்த மாணவன் 'வொய்' சேர்த்தான், இடத்தை மாற்றவில்லை. அவ்வளவே!

ஒன்றைக் கவனியுங்கள். 'ஐ நோ வொய் தி ஸ்கை இஸ் புளூ' என்பது முற்றிலும் சரி. அங்கே நாம் எவரையும் கேட்கவில்லை. ஆகவே இடமாற்றமும் இல்லை.

அடுத்த வகுப்பிலேயே அவன் கேள்விக்கு விடை சொன்னேன். காற்றின் மூலக்கூறுகள் சிவப்பைவிட நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கின்றன. இதை விளக்கியவர் ராலே பிரபு.

வாக்கியத்தை ஒரு நிமிடத்தில் திருத்திவிடலாம். விழுங்கிய கேள்வியை மீட்பதோ கடினம். ஆகவே முதலில் கேளுங்கள், எந்த மொழியிலாவது!