சொற்களைச் சுமப்பதா, பழகுவதா?

நம்மிடம் முன்பு படித்த மாணவன் ஒருவன் வந்திருந்தான். கையில் தலையணை பருமனில் ஒரு சொற்பட்டியல். "மூவாயிரம் இங்கிலீஷ் வார்த்தைகளை நெட்டுருப் போட்டுவிட்டேன், ஸார்! மாதிரிப் பரீட்சையில் மார்க்குதான் ஏறவில்லை" என்றான். பரீட்சைக் கட்டணத்துக்குத் தாயார் வளையலை அடகு வைத்ததையும் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

அமெரிக்க சர்வகலாசாலைகளில் மேற்படிப்புக்கு இடம் கோருவோர் எழுதும் ஜி.ஆர்.இ. பரீட்சை 1936-ல் தோன்றியது. தனிச்சொல்லைக் கொடுத்து எதிர்ச்சொல் கேட்கும் வழக்கம் 2011-ல் ஒழிந்தது. இப்போது வாக்கியத்தில் விட்ட இடத்தை நிரப்ப வேண்டும். வாக்கியத்தின் போக்கை அறியாதவனுக்குப் பட்டியல் என்ன செய்யும்?

"'சாங்க்‌ஷன்' என்றால் என்னப்பா?" என்று கேட்டோம்.

"அனுமதி" என்றான் உடனே.

பாங்கியில் கடன் 'சாங்க்‌ஷன்' ஆவது அந்த அர்த்தத்தில்தான். ஆனால், ஒரு தேசத்தின்மேல் 'சாங்க்‌ஷன்' விதித்தார்கள் என்றால் அது தண்டனை! அக்கம்பக்கத்துச் சொற்களே அர்த்தத்தைத் தீர்மானிக்கின்றன.

சொற்களுக்குக் குலமும் உண்டு. நாவன்மையைக் குறிக்கும் 'எலொக்வென்ட்', வாயாடியைக் குறிக்கும் 'லொக்வேஷியஸ்', பேச்சு வழக்கைக் குறிக்கும் 'கொலோக்வியல்' ஆகிய மூன்றும், பேசுதல் என்னும் பொருளுள்ள ஒரே லத்தீன் வேரில் பிறந்த சகோதரிகள். ஒருத்தியை அறிந்தால் மற்றவர்களை அடையாளம் காண்பது எளிது.

தினம் பத்துச் சொற்கள் போதும். அவற்றை நல்ல கட்டுரைகளில் சந்தித்து, சொந்த வாக்கியங்களில் பிரயோகித்துப் பார்க்க வேண்டும். பெற்றோர்களே, பட்டியலோடு நல்ல இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றும் வாங்கிக் கொடுங்கள். அந்தச் செலவு வீண் போகாது. அடகு வைத்த வளையலுக்கும் அர்த்தம் உண்டாகும்.