தேடல் நின்ற தேதி

காக்ரேன் என்னும் மருத்துவ ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் இலச்சினையை உற்று நோக்கினால், ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு கிடைக்கோடுகளும், அவற்றினூடே ஒரு செங்குத்துக் கோடும், அடியில் ஒரு சிறிய சாய்சதுரமும் தென்படும். கிடைக்கோடு ஒவ்வொன்றும் ஒரு பரிசோதனை. அது நீண்டிருந்தால் முடிவில் நிச்சயம் குறைவென்றும், செங்குத்துக் கோட்டைத் தொட்டால் மருந்தினால் பயனுண்டென்று அறுதியிட இயலாதென்றும் அர்த்தம். குறைமாதத்தில் பிரசவிக்கவிருக்கும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சிசுவின் நுரையீரல் முதிர்ந்து உயிர் தப்புமா என்பதே அங்கே கேட்கப்பட்ட கேள்வி. 1972-ல் நியூஸிலாந்திலிருந்து வெளிவந்த முதற் பரிசோதனையைத் தொடர்ந்து வந்தவற்றுள் பெரும்பாலானவை தனித்து நின்று தயங்கியே பேசின. ஏழையும் கூட்டிப் பெற்ற சாய்சதுரமோ செங்குத்துக் கோட்டை விட்டுத் தெளிவாக விலகி, மருந்து உயிர் காக்கும் என்றது. ஆயினும் அந்தக் கூட்டலை முறைப்படி செய்து பிரசுரித்தவர் 1989 வரையில் எவருமில்லை. தப்பியிருக்கக்கூடிய சிசுக்கள் பல்லாயிரம் இதற்கிடையில் மாண்டிருக்கலாம் என்பதை நினைக்க நெஞ்சு பதறுகிறது.

கூட்டிவிட்டால் மட்டும் போதுமோ? கணக்கை மூடிய மறுநாளே புதிய பரிசோதனையொன்று வெளிவரக்கூடும். பரிசோதனைகளைக் கூட்டிக் கணக்கிடும் இத்தகைய தொகுப்புகள் 100-ஐ ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, அவற்றுள் 7 அச்சேறும்போதே பழமைப்பட்டிருந்தன என்றும், இரண்டு ஆண்டுகளுக்குள் 23 அந்நிலையை எய்தின என்றும், ஏறக்குறைய ஐந்தரை ஆண்டில் பாதித் தொகுப்புகளுக்கு அக்கதி நேர்ந்ததென்றும் காட்டிற்று.

இதற்குப் பரிகாரமாக காக்ரேன் நெடுங்காலம் கைக்கொண்டது, இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்னும் விதி. புதிய ஆராய்ச்சியே நடவாத துறையில் அது வீண் உழைப்பு. வாரந்தோறும் முடிவுகள் வந்து குவியும் துறையிலோ தாங்கவொண்ணாத தாமதம். ஆகவே, காலத்தைக் கணக்கிடாமல், பழைய முடிவை மாற்றவல்ல செய்தி ஏதேனும் வந்ததா என்று காவலிருந்து, வந்தபோது மட்டும் தொகுப்பைத் திறப்பது இரண்டாவது முறையாயிற்று. 2014-ல் ஆஸ்திரேலியாவின் ஜூலியன் எலியட்டும் அவருடைய சகாக்களும் முன்வைத்த ‘உயிருள்ள தொகுப்பு’ மூன்றாவது: இதில் தேடல் ஓய்வதேயில்லை, கிடைத்தது கிடைத்தவுடன் கணக்கில் ஏறும்.

விரைந்து கூட்டுவதன் மகிமையைக் கொரோனா காலம் காட்டியது. டெக்ஸாமெதசோன் என்னும் மருந்து கொரோனா நோயாளிகளுக்குப் பயன் தருவதாக 2020 ஜூன் மாதம் இங்கிலாந்திலிருந்து செய்தி வந்தது. செப்டம்பர் 2-ஆம் தேதி, ஏழு பரிசோதனைகளையும் அவற்றில் பங்கேற்ற 1,703 நோயாளிகளையும் கூட்டிய கணக்கு வெளியாயிற்று. அன்றே உலக சுகாதார ஸ்தாபனமும் தன் பரிந்துரையை வெளியிட்டது. அதுவும் ஸ்டீராய்டே, பரிசோதனைகளும் ஏழே. முன்பு பதினேழு ஆண்டுகள் பிடித்தது இப்போது மூன்று மாதத்துக்குள் முடிந்தது.

எனினும் எல்லாத் தொகுப்பையும் உயிருள்ளதாக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயமன்று. ஓயாத உழைப்பும் பொருளும் அதற்கு வேண்டும். அன்றியும், ஒரே கணக்கை மீண்டும் மீண்டும் போட்டுப் பார்த்தால், தற்செயலாக விழுந்த எண்ணொன்று உண்மைபோல் மயக்கும் அபாயம் பெருகும். கேள்வி முக்கியமானதாய், விடை நிச்சயமற்றதாய், புதிய பரிசோதனைகள் நடந்துகொண்டிருப்பதாய் அமைந்த இடத்திலேயே அது தகும். மற்றவற்றுக்குக் காவலிருப்பதே உத்தமம்.

‘ஆராய்ச்சிகள் அனைத்தையும் தொகுத்துக் கண்ட முடிவு’ என்று எதையேனும் வாசிக்க நேரும் அன்பர்கள், அது பிரசுரமான தேதியோடு நின்றுவிடாமல், ஆராய்ச்சிகளைத் தேடுவதை ஆசிரியர்கள் என்றைக்கு நிறுத்தினார்கள் என்பதையும் தயவுசெய்து பாருங்கள். நல்ல தொகுப்பு ஒவ்வொன்றிலும் அந்தத் தேதி குறிக்கப்பட்டிருக்கும்.