சமையற்கட்டு எங்கே?

அடித்தளத்துச் சமையற்கட்டில் சூப் கொதிக்கிறது. சமையற்காரி சத்தம் போடுகிறாள். பரிசாரகன் வெள்ளித் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறான். அடுத்த நிமிஷம், முதலாம் சார்லஸ் மன்னர் குதிரைமேல் வீற்றிருக்கும் பிரம்மாண்டமான சித்திரத்தின் கீழே நின்று பிரபு குடும்பத்துக்குப் பரிமாறுகிறான்.

'டவுன்டன் ஆபி' என்ற ஆங்கில டெலிவிஷன் தொடரில் பலமுறை வந்த காட்சி இது. அந்தப் பரிசாரகன் ஏறிய மாடிப்படியின் நீளம் என்ன தெரியுமா? 50 மைலுக்கு மேல்! சாப்பாட்டு அறை இருப்பது ஹாம்ப்ஷயரில், ஹைகிளியர் மாளிகையில். சமையற்கட்டோ லண்டனில், ஈலிங் ஸ்டூடியோவில் போட்ட செட். தட்டை எடுத்ததற்கும் பரிமாறியதற்கும் நடுவே நாட்கள் பல ஓடிவிடும்!

"ஏன், அவ்வளவு பெரிய மாளிகையில் ஒரு சமையற்கட்டு இல்லையா?" என்று கேட்பீர்கள். இல்லாமல் என்ன? ஆனால் கதை தொடங்குவது 1912-ல். கூடமும் நூலகமும் நூறு வருஷம் அப்படியே இருக்கும். மனிதர்கள் குடியிருக்கும் வீட்டில் அடுக்களை அப்படியே இருக்குமா? இல்லத்தரசிகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை!

ஹைகிளியர், 1679 முதல் ஒரே குடும்பத்தின் சொத்து. இன்று நாம் காணும் கோபுரங்கள் 1842-க்குப் பின் எழுந்தவை. பிரிட்டிஷ் பார்லிமெண்டுக் கட்டடத்தை வரைந்த சார்லஸ் பாரியே இதையும் வரைந்தார். நூலகத்தில் மட்டும் 5,000-க்கு மேற்பட்ட புத்தகங்கள்.

கதையில், அமெரிக்கச் சீமாட்டி கொண்டு வந்த சீதனம் எஸ்டேட்டைக் காப்பாற்றுகிறது. அசலிலும் அப்படித்தான்! 1895-ல் ஐந்தாவது கார்னார்வன் பிரபுவை மணந்த அல்மினா, ரோத்ஸ்சைல்ட் குடும்பத்துப் பணத்தோடு வந்தாள். 1914-ல் யுத்தம் மூண்டதும், காயம்பட்ட வீரர்களுக்காக மாளிகையையே ஆஸ்பத்திரி ஆக்கினாள். தொடரிலும் மாளிகை காயம்பட்ட வீரர்களின் இல்லமாக மாறுகிறது.

அந்தப் பிரபுவின் பண உதவியால்தான் ஹோவர்ட் கார்ட்டர் 1922-ல் எகிப்தில் துட்டன்காமன் கல்லறையைக் கண்டுபிடித்தார். அடுத்த வருஷமே பிரபு கெய்ரோவில் காலமானார். பின்னாலேயே வந்தது மரண வரி. அவர் ஆசையோடு சேர்த்த எகிப்தியப் பொருள்கள் 1926-ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூஸியத்துக்கு விலையாகிப் போயின.

வீடாவது மிஞ்சியது. அதுவே பெரிய அதிருஷ்டம்! 20-ம் நூற்றாண்டில் வரியும் பராமரிப்புச் செலவும் தாங்காமல் இங்கிலாந்தில் 1,000-க்கு மேற்பட்ட கிராமத்து மாளிகைகள் இடிக்கப்பட்டன. மாளிகை என்பது வீடா? கட்டித் தீனி போட வேண்டிய யானை! 2009-ல் ஹைகிளியருக்கும் அந்த நெருக்கடி வந்தது. குடியிருக்க லாயக்கற்ற அறைகள் 50 இருக்கும் என்றும், பழுது பார்க்கச் சுமார் 1 கோடியே 20 லட்சம் பவுன் வேண்டும் என்றும் பத்திரிகைகள் எழுதின.

நல்ல சமயத்தில் வந்து சேர்ந்தது காமிரா. கதாசிரியர் ஜூலியன் ஃபெலோஸ் இந்த மாளிகையை மனத்தில் வைத்தே கதை எழுதினார். 2010 முதல் 2015 வரை தொடர் ஓடியது. 2019, 2022, 2025-ல் திரைப்படங்களும் வெளிவந்தன. டெலிவிஷனில் பார்த்த கூடத்தை நேரில் பார்க்க ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு திரண்டார்கள். அந்தப் பணம் பழுது பார்க்கும் வேலைக்குக் கை கொடுத்தது.

அன்று வீட்டைத் தாங்கியது மருமகள் கொண்டு வந்த சீதனம். இன்று தாங்குவது, வேஷம் கட்டிய ஒரு பிரபு குடும்பம். அவர்கள் சாப்பிட்ட சூப் அந்த வீட்டு அடுப்பில் கொதிக்காவிட்டால் என்ன? வீட்டுக்காரர்களின் அடுப்பு அணையாமல் எரிகிறதே!