சிகிச்சை முடிந்தது, அப்புறம்?

புற்றுநோய் என்றாலே ஒரு காலத்தில் வீட்டில் குரல் தாழ்ந்துவிடும். “அந்த வியாதி” என்பார்களே தவிர, பெயரைச் சொல்ல மாட்டார்கள். இன்று அவ்வளவு பயம் வேண்டியதில்லை. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணமாகும் புற்றுநோய்கள் பல உண்டு. சிகிச்சை பெற்றுத் தேறி, பேரன் பேத்திகளைக் கொஞ்சிக்கொண்டிருக்கும் பெண்மணிகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால், வீடு திரும்பிய பிறகு அவர்களைத் தொடர்ந்து கவனிப்பது யார்? வாசகிகளே, இந்தக் கேள்வியை நாம் அதிகம் கேட்பதில்லை.

காரைக்குடியில் ஓர் ஆச்சி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முகப்பும் வளவும் இரண்டாம் கட்டுமாக நீளும் பெரிய வீடு. பிள்ளைகளில் ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில். வீட்டில் ஆச்சியும் துணைக்கு ஒரு பெண்ணும்தான். மார்பில் வந்த கட்டிக்குச் சென்னையில் ஆபரேஷன் ஆகி, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. “தவறாமல் பரிசோதனைக்கு வாருங்கள்” என்று சொல்லி அனுப்பினார்கள்.

சென்னையோ சுமார் 400 கிலோமீட்டர். விடியற்காலையில் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறினாலும் போய்ச் சேர நண்பகலாகிவிடும். மதுரை அருகில்தான் என்றாலும், அதுவும் ஓர் அலைச்சல்தான். யாராவது கூட வரவேண்டும். முதல் வருஷம் பிள்ளை லீவு போட்டு வந்து அழைத்துப் போகிறார். இரண்டாம் வருஷம் ஒரு கல்யாணம் குறுக்கிடுகிறது. மூன்றாம் வருஷம், “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு வீண் அலைச்சல்?” என்று ஆச்சியே நிறுத்திவிடுகிறார். ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

பக்கத்துச் சீமைப் பெண்மணி

இந்த நோயைப் பற்றிப் பேசும்போது, காரைக்குடிக்குப் பக்கத்துச் சீமையில் பிறந்த ஒருவரை மறக்க முடியாது. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரமே 1954-ல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியாக மலர்ந்தது. தொடங்கியபோது அங்கே 12 படுக்கைகள்தாம். மறு வருஷம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் மறையும் வரை அந்த ஆஸ்பத்திரியே வாழ்க்கையாக இருந்தார். இத்தகையோரின் உழைப்பால் பிழைத்தவர்கள் அநேகர். அவர்களுக்கு நோய் திரும்பாமல் கண்காணிப்பது அடுத்த பொறுப்பு. அதைப் பெரிய ஆஸ்பத்திரி மட்டுமே சுமக்க வேண்டுமா?

குடும்ப டாக்டர் போதுமா?

“எங்கள் தெரு டாக்டருக்குப் புற்றுநோயைப் பற்றி என்ன தெரியும்?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதையே இங்கிலாந்திலும் கனடாவிலும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள்.

கனடாவில் ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த 968 பெண்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவைக் குடும்ப டாக்டர்களும் மற்றதை நிபுணர்களும் கவனித்தார்கள். முடிவு 2006-ல் வெளியாயிற்று. நோய் திரும்பியதால் கடுமையான விளைவுக்கு ஆளானவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 3.5 பேர், நிபுணர்கள் பிரிவில் 3.7 பேர். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம்.

இங்கிலாந்தில் 296 பெண்களிடம் நடந்த ஆராய்ச்சி 1996-ல் வெளிவந்தது. அவர்களில் 26 பேருக்கு நோய் திரும்பியது. அதில் 18 பேர், குறித்த பரிசோதனை நாளுக்குக் காத்திராமல், தாங்களே ஏதோ மாற்றத்தை உணர்ந்து டாக்டரிடம் வந்தவர்கள். ஆகவே, சந்தேகம் வந்த அன்றே போய்க் காட்ட அருகில் ஒரு டாக்டர் இருப்பது எவ்வளவு முக்கியம், பாருங்கள்!

இது மார்பகப் புற்றுநோயைப் பற்றிய கணக்கு. எல்லாப் புற்றுநோய்க்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. நிபுணரை விட்டுவிடுங்கள் என்பதும் அர்த்தமல்ல. இருவரும் சேர்ந்து கவனிக்க வேண்டும்.

டாக்டர் என்ன செய்வார்?

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களை முதல் 3 வருஷங்கள் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறையும், அடுத்த 2 வருஷங்கள் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு வருஷத்துக்கு ஒருமுறையும் பரிசோதிப்பது வழக்கம். வருஷம் ஒருமுறை மாமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும். தொந்தரவு ஒன்றும் இல்லாதபோது மற்ற ஸ்கேன்களை அடிக்கடி எடுப்பதால் பயன் இல்லை.

“என்ன ஆச்சி, கை வீக்கம் வடிஞ்சிருச்சா?” என்று விசாரிப்பவர் குடும்ப டாக்டர். ஆபரேஷன் நடந்த பக்கத்துக் கை சிலருக்கு வீங்கும். அந்தக் கையில் அடிபட்டுச் சிவந்து ஜுரமும் கண்டால், அன்றைக்கே காட்ட வேண்டும். டாமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, மாதவிடாய் நின்றபின் மறுபடி உதிரம் பட்டால் அலட்சியம் கூடாது. வேறு சில மாத்திரைகள் எலும்பைப் பலவீனப்படுத்தும். சில மருந்துகள் இருதயத்தைப் பாதிக்கும். கழுத்தில் கதிர் சிகிச்சை பெற்றவர்களுக்குத் தைராய்டு குறையலாம். தாடையில் கதிர் பட்டிருந்தால், பல் பிடுங்கும் முன் பல் டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் அவற்றையும் கவனிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, “திரும்பி வந்துவிடுமோ?” என்று இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் பயம் ஒன்று உண்டு. அதைக் காது கொடுத்துக் கேட்பதும் வைத்தியம்தான்.

ஒரு பேரேடு போடுங்கள்

செட்டிநாட்டாருக்குக் கணக்கு எழுதுவதைப் பற்றி யாரும் கற்றுத்தர வேண்டாம். கடல் கடந்த வியாபாரத்துக்கே பேரேடும் ஐந்தொகையும் பிசகாமல் எழுதியவர்கள் அல்லவா? உடம்புக்கும் ஒரு பேரேடு போடுங்கள்.

என்ன நோய், எந்த நிலை, ஆபரேஷன் நடந்த தேதி, கொடுத்த மருந்துகளின் பெயர், கதிர் பட்ட இடம், அடுத்த பரிசோதனை எப்போது, எந்த அறிகுறிக்கு யாரிடம் ஓட வேண்டும்—இத்தனையையும் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போதே எழுதி வாங்குங்கள். அமெரிக்காவில் 2005-ல் வெளியான ஓர் அறிக்கையும் இத்தகைய குறிப்பை ஒவ்வொருவருக்கும் கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. அதன் பிரதி ஒன்று உள்ளூர் டாக்டரிடம் இருக்கட்டும். இன்னொன்று வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம் இருக்கட்டும். இந்தக் காகிதம் இல்லாவிட்டால் எத்தனை கெட்டிக்கார டாக்டரும் இருட்டில் துழாவ வேண்டியதுதான்.

புதிய கட்டி, இரண்டு மூன்று வாரமாகியும் நீங்காத இருமல், எலும்பு வலி, மூச்சுத் திணறல், காரணமின்றி உடல் இளைத்தல்—இவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராதீர்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். தினம் கொஞ்ச தூரம் நடங்கள்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சிகிச்சை முடித்து வந்த அம்மாள் யாராவது இருந்தால், “கடைசியாக எப்போது டாக்டரிடம் காட்டினீர்கள்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வரத் தாமதமானால், நாளைக் காலையில் நீங்களே துணைக்குக் கிளம்புங்கள்.